செகண்டரி வந்துவிட்டதா? அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தின் இரண்டாம் சுற்று

கல்யாணப் பத்திரிகை அடித்ததும் நம் வீடுகளில் இரண்டு விதமாக அழைப்பார்கள். தூரத்துச் சொந்தத்துக்கும் அலுவலக நண்பர்களுக்கும் தபாலில் போகும். இப்போது வாட்ஸப்பில் போகிறது. நெருங்கிய சொந்தமென்றால் தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து வீட்டுக்கே போய் அழைக்க வேண்டும். போகாவிட்டால், "எங்களுக்குத் தபால்லதான் போட்டாங்க" என்ற குறை அடுத்த தலைமுறை வரைக்கும் ஓடும்.

அமெரிக்காவில் பல் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதும் இப்படித்தான். ஆட்ஸாஸ் என்கிற பொது விண்ணப்பம் தபால் பத்திரிகை. ஒரே கட்டுரை, ஒரே மதிப்பெண் பட்டியல், பதினைந்து கல்லூரிக்கும் ஒரே பிரதி. அதற்கு மேல் ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்கிற கேள்விகள்தான் செகண்டரி. சப்ளிமென்டல் என்றும் சொல்வார்கள். அதுதான் வெற்றிலைத் தட்டு. (பல் மருத்துவக் கட்டுரையை வெற்றிலை பாக்கில் தொடங்குவது அபத்தம்தான். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் சேர்த்துவிட்டது. உவமைக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.)

அமெரிக்காவில் இளங்கலை மூன்றாம், நான்காம் ஆண்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து கவலைப்படுகிற பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். என் அக்கா மகளின் விண்ணப்பத்தோடு இரண்டு கோடைகாலம் மாரடித்தவள் நான். இரண்டு கோடை என்னும்போதே முதல் கோடை என்ன ஆயிற்று என்று புரிந்திருக்கும்.

எந்தக் கல்லூரி என்ன கேட்கிறது

மெடிக்கல் ஸ்கூலுக்குப் போன பக்கத்து வீட்டுப் பையனிடம் இதற்கு யோசனை கேட்காதீர்கள். அங்கே ஏறக்குறைய எல்லாக் கல்லூரியும் செகண்டரி அனுப்பும். பல் மருத்துவத்தில் வீட்டுக்கு வீடு வாசற்படி வேறு.

சில கல்லூரிகள் தனியாக எதுவும் கேட்பதில்லை. சில, கேள்விகளை ஆட்ஸாஸுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. கல்லூரியை உங்கள் பட்டியலில் சேர்த்த பிறகு 'ப்ரோகிராம் மெட்டீரியல்ஸ்' என்ற பகுதியைத் திறந்தால்தான் அவை கண்ணில் படும். பொதுக் கட்டுரையை முடித்துவிட்டோம் என்ற நிம்மதியில், அனுப்பப் போகிற ராத்திரி அந்தப் பகுதியைத் திறந்து, உள்ளே மூன்று கேள்விகள் இருப்பதைப் பார்த்து அலறிய பிள்ளைகள் உண்டு. இன்னும் சில கல்லூரிகள் மின்னஞ்சலில் ஓர் இணைப்பு அனுப்பும். அவர்களுடைய சொந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கி எழுத வேண்டும். கேள்வியே இல்லாமல் கட்டணம் மட்டும் கேட்கிற கல்லூரிகளும் இருக்கின்றன. அந்தக் கட்டணத்தைக் கட்டாவிட்டால் உங்கள் கோப்பு அப்படியே நிற்கும்.

மின்னஞ்சல் அனுப்புகிறவர்களிலும் இரண்டு ரகம். விண்ணப்பித்த எல்லாருக்கும் அனுப்புவது ஒன்று, மதிப்பெண்ணைப் பார்த்துச் சலித்துவிட்டு அனுப்புவது இன்னொன்று. இரண்டாவது ரகத்திடமிருந்து வந்தால் கொஞ்சம் சந்தோஷப்படலாம். முதல் ரகத்திடமிருந்து வந்ததற்குப் பாயசம் வைக்க வேண்டாம்.

ஆகவே முதல் வேலை, ஒரு கூகுள் ஷீட். கல்லூரியின் பெயர், செகண்டரி எந்த வகை, கட்டணம், கடைசி நாள், கேள்வி வந்த தேதி, அனுப்பிய தேதி, தளத்தின் கடவுச்சொல் எங்கே இருக்கிறது. இதை மே மாதமே போட்டுவிடுங்கள். கல்லூரித் தளங்களின் அட்மிஷன்ஸ் பக்கத்தில் பெரும்பாலும் எல்லாம் இருக்கும். இல்லாவிட்டால் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பதில் சொல்வார்கள்.

டெக்சாஸில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹூஸ்டன், சான் அன்டோனியோ, டாலஸ், எல் பாசோ ஆகிய ஊர்களில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு அந்த மாநிலத்தவர் ஆட்ஸாஸ் வழியாகப் போவதில்லை. டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். என்ற மாநிலத்தின் சொந்த அமைப்பு வழியாகத்தான் போக வேண்டும். எத்தனை கல்லூரி என்றாலும் அதற்கு ஒரே கட்டணம். செகண்டரி விதிகளும் அங்கே வேறு.

நாள்காட்டி

ஆட்ஸாஸ் மே மாத நடுவில் திறக்கும், ஜூன் தொடக்கத்தை ஒட்டி அனுப்பலாம். மதிப்பெண் சான்றிதழ்களைச் சரிபார்க்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். செகண்டரிகள் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை வந்துகொண்டே இருக்கும். நேர்காணல் கோடை முடியும்போது தொடங்கிக் குளிர்காலம் வரை நீளும். சேர்க்கைக் கடிதம் டிசம்பர் நடுவிலிருந்து.

கடைசித் தேதிகளைப் பார்த்தால் நவம்பர், டிசம்பர் என்றெல்லாம் இருக்கும். அதை நம்பி உட்கார்ந்தால் ஏமாந்து போவோம். பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பம் வர வரப் படித்து, வர வர நேர்காணலுக்கு அழைக்கின்றன. பந்தியில் முதல் வரிசைக்கும் நாலாவது வரிசைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். நாலாவதிலும் சாப்பாடு கிடைக்கும், ஆனால் வடை தீர்ந்திருக்கும்.

இங்கேதான் 'கோப்பு முழுமை' என்ற விஷயம் வருகிறது. சரிபார்த்த ஆட்ஸாஸ், டி.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள், செகண்டரி, அதன் கட்டணம், சில கல்லூரிகளுக்கு காஸ்பர் தேர்வு. இவை அத்தனையும் சேர்ந்தால்தான் கோப்பு முழுமை. அதுவரை பல கல்லூரிகளில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஜூன் முதல் வாரத்தில் ஆட்ஸாஸை அனுப்பிவிட்டுச் செகண்டரியை செப்டம்பரில் அனுப்புகிறவர், உண்மையில் செப்டம்பரில் விண்ணப்பித்தவர்தான். முதல் வருடம் எங்களுக்கு இது புரியவில்லை. ஒரு கல்லூரியின் மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் பத்தொன்பது நாள் கிடந்தது. "சித்தி, அவங்க இன்னும் அனுப்பலை" என்று அவளும், "அனுப்புவாங்கடி" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தோம். ஜூன் முதல் தினமும் ஒரு தடவை ஸ்பாமையும் ப்ரமோஷன்ஸ் பகுதியையும் பார்ப்பது வேலைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காஸ்பர் என்பது பல் மருத்துவ அறிவைச் சோதிப்பதல்ல. ஒரு சிக்கலான சூழ்நிலையைக் காட்டி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கும். சில பதிலைத் தட்டச்சு செய்ய வேண்டும், சிலவற்றைக் கேமரா முன் பேச வேண்டும். முடிவு கல்லூரிக்குப் போய்ச் சேரச் சில வாரம் ஆகும் என்பதால் ஜூன், ஜூலைக்குள் எழுதிவிடுவது நல்லது.

இன்னொன்று: டி.ஏ.டி. மதிப்பெண் 2025 மார்ச் முதல் 200–600 என்ற அளவுக்கு மாறிவிட்டது. முன்பு 1–30. "இருபதுக்கு மேல் வாங்கினால் போதும்" என்று யாராவது சொன்னால் அது பழைய கணக்கு.

கேள்வி வருவதற்கு முன்பே எழுதுவது

ஒரே வாரத்தில் ஆறு செகண்டரி வந்து விழும். ஒவ்வொன்றிலும் இரண்டு முதல் ஐந்து கேள்வி. அப்போது உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தால் நான்காவதிலிருந்து தரம் இறங்கிவிடும். நல்ல வேளையாக, கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. எங்கள் கல்லூரி ஏன்? உங்கள் பின்னணியிலிருந்து எங்களுக்கு என்ன கொண்டுவருவீர்கள்? ஒரு தோல்வியை எப்படிச் சமாளித்தீர்கள்? கைத்திறனுக்கு என்ன சான்று? சமூக சேவை? இந்த ஆண்டை எப்படிக் கழிக்கப் போகிறீர்கள்? மறுமுறை விண்ணப்பிப்பவர் என்றால், போன தடவைக்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது?

ஆட்ஸாஸை அனுப்பிய மறுநாளே இவற்றுக்கு வரைவு எழுதத் தொடங்கிவிடலாம். ஒவ்வொன்றையும் இரண்டு நீளத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று ஏறக்குறைய ஆயிரம் எழுத்து, இன்னொன்று இரண்டாயிரம். பல படிவங்கள் வார்த்தைகளை அல்ல, எழுத்துகளைத்தான் எண்ணும். இடைவெளியும் ஓர் எழுத்து. பொதுக் கட்டுரைக்கு 4,500 எழுத்து இருந்த சுகம் இங்கே கிடையாது.

வந்த பிறகு ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்துக்குள் அனுப்புங்கள். இது கல்லூரி போட்ட விதி அல்ல, நாமே போட்டுக்கொள்கிற விதி. எதை முதலில்? நான் சொல்வது: ஆசைப்படும் கல்லூரியை மூன்றாவதாக எழுதுங்கள். முதல் இரண்டில் கை பழகும். ஆனால் சொந்த மாநிலக் கல்லூரியைத் தள்ளிப்போட வேண்டாம். உங்களுக்கு இடம் கிடைக்க அதிக வாய்ப்பும், பெரும்பாலும் குறைந்த கட்டணமும் அங்கேதான்.

'எங்கள் கல்லூரி ஏன்?'

ஐம்பது வரைவு படித்திருப்பேன். நாற்பதில் இதே பதில்: தலைசிறந்த ஆசிரியர்கள், நவீன ஆய்வகம், பன்முகத்தன்மை, ஆராய்ச்சி வாய்ப்பு. உறையின் மேல் பெயரை மாற்றினால் அடுத்த வீட்டுக்கும் போகும். அப்படியென்றால் அது தபால் பத்திரிகைதான். தட்டில் வைத்தாலும் தபால் பத்திரிகைதான்.

கல்லூரிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதுதான் விஷயம். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள பசிபிக் பல்கலைக்கழகக் கல்லூரி, மற்ற இடங்களில் நான்கு ஆண்டு ஆகிற படிப்பை மூன்று ஆண்டில் முடிக்கிறது. அங்கே எழுதுகிறவர், நீண்ட விடுமுறை இல்லாத வேகத்தைத் தன்னால் தாங்க முடியும் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா, செவன்த் டே அட்வென்டிஸ்ட் திருச்சபையின் கல்லூரி. மதுவும் புகையும் கூடாது என்ற ஒழுங்கு உண்டு, நம்பிக்கை பற்றியும் கேட்பார்கள். இந்து வீட்டுப் பிள்ளைகளும் அங்கே படிக்கலாம், ஆனால் நழுவலாகப் பதில் சொல்லக் கூடாது. ஒமாஹாவில் உள்ள க்ரைட்டன், மில்வாக்கியில் உள்ள மார்க்கெட் (Marquette) இரண்டும் ஏசு சபையாரின் பல்கலைக்கழகங்கள். சேவை என்ற சொல் அங்கே அலங்காரம் இல்லை.

அரிசோனாவில் மேசா நகரத்தில் உள்ள ஏ.டி. ஸ்டில் பல்கலைக்கழகக் கல்லூரி, கடைசி ஆண்டு மாணவர்களைச் சமூக சுகாதார மையங்களுக்கு அனுப்பிப் பழக்குகிறது. கிழக்கு கரோலினா பல்கலைக்கழகம், வட கரோலினா மாநிலம் முழுக்கச் சிற்றூர்ப் பகுதிகளில் எட்டு சிகிச்சை மையங்கள் வைத்திருக்கிறது. அந்த மாநிலத்தவரை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் கல்லூரி அது. எல் பாசோ கல்லூரி 2021-இல்தான் முதல் மாணவர்களைச் சேர்த்தது. மெக்சிகோ எல்லையில் இருக்கிறது, ஸ்பானிஷ் மொழி பாடத்திட்டத்திலேயே உண்டு. ஹார்வர்டில் தொடக்கக் காலப் பாடங்களை மருத்துவ மாணவர்களோடு சேர்ந்தே படிக்க வேண்டும்.

இவை எல்லாம் கல்லூரித் தளத்தில் இருப்பவை. அவற்றைத் திருப்பிச் சொன்னால் மட்டும் போதாது. கல்லூரிக்கே கல்லூரியைப் பற்றிப் பாடம் நடத்துவது போலாகிவிடும். கல்லூரியில் இருக்கிற ஒன்றும் உங்களிடம் இருக்கிற ஒன்றும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று தேடுங்கள். என் அக்கா மகள் ஒரு சமூக மருத்துவமனையில் கூடவே நின்று பார்த்தபோது, வேர் சிகிச்சை செய்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். நோயாளியின் அரசுக் காப்பீடு பிடுங்குவதற்கு மட்டும்தான் பணம் தரும். அமெரிக்காவின் சில மாநிலங்களில் பெரியவர்களுக்கு மெடிகெய்ட் என்ற அந்த அரசுக் காப்பீடு அவசரச் சிகிச்சைக்கு மேல் எதுவும் தருவதில்லை. அன்று சாயங்காலம் அவள் தொலைபேசியில் சொன்னதை முதல் வருடம் எங்கேயும் எழுதவில்லை. "அது சின்ன விஷயம் சித்தி" என்றாள். இரண்டாம் வருடம் அந்தப் பல்லில் தொடங்கி, தான் விண்ணப்பித்த கல்லூரி கிராமப்புற மையத்தில் என்ன செய்கிறது, அங்கே தனக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடித்தாள். ஆயிரத்து இருநூறு எழுத்துதான்.

கடைசியாக, மிக எளிய, மிக மோசமான பிழை: வேறொரு கல்லூரியின் பெயரை மாற்றாமல் அப்படியே அனுப்புவது. அனுப்பும் முன் மற்ற கல்லூரிகளின் பெயர்களைத் தேடல் பெட்டியில் தட்டிப் பாருங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் விழும் குழிகள்

கைத்திறன் கேள்விக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் வரும். பின்னணிக் கேள்விக்கும் அரங்கேற்றம் வரும். விடாமுயற்சிக்கும் அதே அரங்கேற்றம். நாட்டியத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்தியர்கள் நிறைய வாழும் எடிசனிலிருந்தும் ஃப்ரீமான்டிலிருந்தும் வருகிற விண்ணப்பங்களைப் படித்துப் படித்துச் சேர்க்கைக் குழுவினருக்கு அலாரிப்பே பாடமாகியிருக்கும்.

கைத்திறன் கேள்விக்கு விரல்களைப் பற்றி எழுதுங்கள். பூக்கட்டத் தெரிந்த ஒரு பெண், நாரை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். அதிகம் இறுக்கினால் மல்லிகைக் காம்பு அறுந்துவிடும், தளர்ந்தால் சரம் உதிர்ந்துவிடும், அந்த அளவைக் கண் சொல்லாது, விரல்தான் சொல்லும். வாய்க்குள் கண்ணாடியில் தலைகீழாகப் பார்த்து வேலை செய்யப்போகிறவருக்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். மிருதங்கம், புள்ளிக் கோலம், வாட்ச் பழுது பார்ப்பது, எதுவானாலும் சரி. தப்பு செய்து திருத்திய இடத்தைக் காட்டுங்கள்.

பின்னணிக் கேள்விக்கு 'இரண்டு கலாச்சாரத்துக்கு நடுவே வளர்ந்தேன்' என்ற வாக்கியம் வேண்டாம். பாட்டியைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போய், அவர் கேட்டதைத் தமிழிலும் பாட்டி சொன்னதை ஆங்கிலத்திலும் மாற்றிச் சொன்ன பத்து வயதுப் பிள்ளை நீங்கள் என்றால், அதையே எழுதுங்கள். 'வலிக்குது', 'குத்துது', 'கூசுது' மூன்றுக்கும் டாக்டர் ஒரே சொல்லை எழுதிக்கொண்டார் என்றால் அதுவும் வரட்டும்.

தோல்விக் கேள்வியில் நம் பிள்ளைகளுக்குத் தோல்வியே வராது. 'ஏ மைனஸ்' வாங்கியதைச் சோகக் கதையாக எழுதுவார்கள். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் உண்மையிலேயே 'சி' வாங்கியிருந்தால், ஒரே வாக்கியத்தில் காரணம், மூன்று வாக்கியத்தில் அதற்கப்புறம் என்ன செய்தீர்கள் என்பது. பேராசிரியரைக் குறை சொல்லாதீர்கள்.

பெற்றோருக்கு: பிழை பாருங்கள், எழுதிக் கொடுக்காதீர்கள். பல படிவங்களின் அடியில் 'இது என் சொந்த எழுத்து' என்று உறுதி கேட்கிறார்கள். நேர்காணலில் எதிரில் இருப்பவர் கையில் அந்தத் தாள் இருக்கலாம்.

பணமும் விசாவும்

செகண்டரிக் கட்டணம் பெரும்பாலும் 50 முதல் 100 டாலர். இதற்கு முன்பே ஆட்ஸாஸில் ஒவ்வொரு கூடுதல் கல்லூரிக்கும் நூறு டாலருக்கு மேல் கட்டியிருப்பீர்கள், டி.ஏ.டி. தேர்வுக்கு ஐந்நூறுக்கு மேல். பன்னிரண்டு கல்லூரி என்றால் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஆட்ஸாஸில் கட்டணச் சலுகைத் திட்டம் உண்டு. விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே அதைக் கேட்க வேண்டும். அது கிடைத்தவர்களுக்குச் சில கல்லூரிகள் செகண்டரிக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்கின்றன. கேட்டால்தான் கிடைக்கும்.

செகண்டரி வந்துவிட்டது என்பதற்காகக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. கிழக்கு கரோலினாவைப் போல மிசிசிப்பி கல்லூரியும் சொந்த மாநிலத்தவருக்கு மட்டும்தான். தனியார் கல்லூரிகளில் நான்கு ஆண்டு மொத்தச் செலவு நான்கு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். 'இடம் கிடைத்தாலும் போக மாட்டோம்' என்று இப்போதே தெரிந்த கல்லூரிக்கு எழுபத்தைந்து டாலர் எதற்கு?

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும். 21 வயது முடிந்ததும் எச்-4 செல்லாது. பலர் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறியிருப்பார்கள். ஆறு வயதிலிருந்து அதே ஊரில் பள்ளிக்குப் போயிருந்தாலும், பல அரசுக் கல்லூரிகளின் கணக்கில் நீங்கள் வெளிநாட்டு மாணவர். சில அவர்களைச் சேர்ப்பதே இல்லை. படிவத்தில் விசா நிலையை உள்ளபடி எழுதுங்கள். அதற்கு முன், கட்டணம் கட்டும் முன், அட்மிஷன்ஸ் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள்.

ஊரில் பி.டி.எஸ். முடித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்த வழியே வேறு. உங்களுக்கு ஆட்ஸாஸ் அல்ல, கேப்பிட் என்ற தனி விண்ணப்பம். இரண்டு அல்லது மூன்று ஆண்டுப் படிப்பு. அதிலும் பல கல்லூரிகள் தனிக் கேள்வியும் தனிக் கட்டணமும் வைத்திருக்கின்றன. ஆனால் அங்கே எடை போடுவது ஐ.என்.பி.டி.இ. என்ற தேசியப் பல் மருத்துவத் தேர்வு, சான்றிதழ் மதிப்பீடு, சில இடங்களில் பல் மாதிரியில் கையால் செய்து காட்டும் பெஞ்ச் டெஸ்ட். ஊரில் பார்த்த நோயாளிகளைப் பற்றி எழுத உங்களிடம் இருப்பது இங்குள்ள இருபது வயதுப் பிள்ளைகளிடம் இல்லை. அதைச் சுருக்கிவிடாதீர்கள்.

அனுப்பிய பிறகு

அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் கேள்வியையும் பதிலையும் ஒரு கோப்பில் நகலெடுத்து வையுங்கள். சில தளங்கள் அனுப்பிய பிறகு உங்கள் பதிலை உங்களுக்கே காட்டாது. கட்டணம் போய்ச் சேர்ந்ததா என்பதை வங்கிக் கணக்கில் பாருங்கள். ஒரு வாரம் கழித்துத் தளத்தில் 'கம்ப்ளீட்' என்று வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள்; பெற்றோர் அல்ல, பிள்ளை. அப்பா தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிப்பது நன்மை செய்யாது.

செப்டம்பருக்குப் பிறகு புதிதாக ஏதாவது நடந்திருந்தால், அதாவது வேலையில் சேர்ந்தீர்கள், மதிப்பெண் உயர்ந்தது என்றால், கல்லூரி ஏற்குமானால் ஒரு சிறு கடிதம் அனுப்பலாம். மாதாமாதம் வேண்டாம்.

நேர்காணல் அழைப்பு வந்ததும், முந்தின ராத்திரி புதிதாக எதையும் படிக்க வேண்டாம். அந்தக் கல்லூரிக்கு எழுதிய செகண்டரியை எடுத்து வாய்விட்டு இரண்டு தடவை படித்தால் போதும். என் அக்கா மகளிடம் அங்கே கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கடைவாய்ப் பல்லை நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?"